சேலை அரக்கு, போட்டோவில் செங்கல்: எடிட்டிங்கை எங்கிருந்து தொடங்குவது?

நூல்சேலை:

வணக்கம். சின்னாளபட்டியிலிருந்து எழுதுகிறேன். சுங்குடி, காட்டன் சேலைகளை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வீட்டிலிருந்தபடியே விற்கிறேன். சரக்கில் குறை சொல்ல முடியாது. முடிச்சுப் போடுகிறவர்கள், சாயம் போடுகிறவர்கள் எல்லோரும் பழக்கமானவர்கள். தகராறு எல்லாம் போட்டோவில்தான்.

போன வாரம் ஓர் அரக்குச் சேலை அனுப்பினேன். "போட்டோவில் செங்கல் கலர்தானே இருந்தது, இது என்ன இப்படி இருட்டாக இருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூரியர் காசு இரண்டு பக்கமும் என் தலையில். ராமர் பச்சையை எடுத்தால் கிளிப்பச்சை வருகிறது. கத்திரிப்பூ நிறம் நீலமாகவே ஆகிவிடுகிறது. வெள்ளை உடல் சேலையோ அழுக்குச் சாம்பல்.

எடுப்பது வீட்டு முன்னறையில். ஒரு பக்கம் ஜன்னல், மேலே ட்யூப்லைட், மூலையில் ஒரு மஞ்சள் பல்பு. சுவருக்குப் பச்சை டிஸ்டெம்பர். கொடியில் சேலையைத் தொங்கவிட்டு போனில் எடுப்பேன். அப்புறம் ப்ரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் மூன்றையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்ப்பேன். ஒன்று சரியானால் இன்னொன்று கெடுகிறது. ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பை இறக்கி வைத்திருக்கிறேன். திறந்தால் அத்தனை பட்டன், எதைத் தொடுவது என்றே தெரியவில்லை.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? கம்ப்யூட்டரும் போட்டோஷாப்பும் வாங்கினால்தான் ஆகுமா? இன்னொன்று, "உள்ளதை உள்ளபடி போடு, எடிட் பண்ணினா அது ஏமாத்துறது" என்கிறார் என் மாமியார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் சொல்லுங்கள்.

பிக்சல்பாண்டி:

அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? ஆட்டோ பட்டனை அமுக்குங்க. மேலே ஒரு ஃபில்டர், சாச்சுரேஷன் ஒரு 30 ஏத்துங்க. இப்போ ஏஐ ஆப் எல்லாம் வந்துருச்சு, கொடியில் தொங்குற சேலையை மாடல் கட்டின மாதிரியே மாத்திக் கொடுக்கும். சேல்ஸ் பிச்சுக்கும்.

இருட்டறை:

பாண்டி தம்பி சொன்னபடி செய்தால் சேல்ஸும் பிச்சுக்கும், ரிட்டனும் பிச்சுக்கும்.

நான் திண்டுக்கல் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்திருக்கிறேன், கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்குப் பஞ்சால் கலர் தொட்டுப் பூசியிருக்கிறேன், அப்புறம் கம்ப்யூட்டர் வந்து மாப்பிள்ளை முகத்துப் பருவை எல்லாம் அழித்திருக்கிறேன். அது ஆளை அழகாக்குகிற வேலை. உங்களுடையது சரக்கு போட்டோ. கையில் இருக்கிற சேலையும் திரையில் இருக்கிற சேலையும் ஒன்றாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் ஒரு பொட்டு அழகு சேர்த்தாலும் அது கூரியர் செலவாகத்தான் திரும்பி வரும்.

மாமியாருக்குப் பதில்: எடிட் செய்யாத படம் என்று போனில் ஒன்று கிடையாது. பட்டனை அமுக்கிய கணத்திலேயே போன் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, நிறத்தை மாற்றி, கூர்மை கூட்டித்தான் சேமிக்கிறது. நீங்கள் செய்யப்போவது அதைத் திரும்பச் சேலைப் பக்கம் இழுக்கிற வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பைத் திறக்கும் முன்னால் அந்த முன்னறையை விட்டு வெளியே வாருங்கள். மஞ்சள் பல்பின் நிறம் 2700 கெல்வின், வெள்ளை எல்இடி ட்யூப் 6500, நடுப்பகல் வெயில் சுமார் 5500. எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். உங்கள் அறையில் ஒரு மடிப்பில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது, அடுத்த மடிப்பில் பல்பு வெளிச்சம். நீலத்தைக் குறைக்கலாம் என்று ஸ்லைடரைத் தள்ளினால் பல்புப் பக்கம் இன்னும் மஞ்சளாகிவிடும். "ஒன்று சரியானால் இன்னொன்று கெடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதனால்தான். போதாக்குறைக்குப் பச்சைச் சுவர். அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் பச்சைதான், அது சேலை மேல் விழும்.

திண்ணையோ, மாடிப்படி நிழலோ, நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து, காலை 9 மணிக்கு மேல் எடுங்கள். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். லைட் எதுவும் எரிய வேண்டாம். நிழலில் எடுத்தால் படம் லேசாக நீலம் பூத்து வரும். வரட்டும். படம் முழுக்க ஒரே அளவு நீலம் என்பதால் அதை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

உங்கள் அரக்கு ஏன் செங்கலானது என்றால், எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவருவது கேமரா மீட்டரின் பிறவிக் குணம். அரக்கு ஃப்ரேம் முழுக்க நிறைந்தால் "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும், அரக்கு செங்கலாகும். வெள்ளை நிறைந்தால் இறக்கிவிடும், வெள்ளை சாம்பலாகும். இதற்கு எடிட்டே வேண்டாம். திரையில் சேலை மேல் தொட்டால் பக்கத்தில் சூரியன் போட்ட ஒரு கோடு வரும். அரக்குக்கு அதைக் கீழே இழுங்கள், வெள்ளைக்கு மேலே இழுங்கள், அப்புறம் எடுங்கள்.

நிறத்திலும் இதே கூத்துதான். படம் முழுக்கச் சிவப்பு இருந்தால் வெளிச்சமே சிவப்பு போலிருக்கிறது என்று போன் எதிர்ப்பக்கம் இழுக்கும். அடுத்த சேலை பச்சை என்றால் வேறு பக்கம் இழுக்கும். உங்கள் போன் கேமராவில் ப்ரோ மோட் (எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற மோட்) இருந்தால் அதில் வைட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டுகிற அமைப்பை, 5500 அல்லது 6000-இல் நிறுத்திவிடுங்கள். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, படத்துக்குப் படம் மாறக் கூடாது.

சரி, ஸ்னாப்சீட். அத்தனை பட்டனில் உங்களுக்கு வேண்டியது மூன்று நான்குதான். முதலில் வைட் பேலன்ஸ். அதில் ஐ டிராப்பர் என்று ஒன்று இருக்கும். அதைப் படத்தில் நிறமில்லாத சாம்பல் அல்லது வெள்ளை இடத்தில் வைத்தால் மொத்தப் படத்தின் நிறத்தையும் அதற்கேற்பத் திருப்பும். இதற்காகவே கேமராக் கடையில் 18 சதவீதச் சாம்பல் அட்டை விற்கிறார்கள், கிரே கார்டு என்று கேளுங்கள். சேலை ஓரத்தில் அதைச் செருகி எடுத்துவிட்டு, கடைசியில் க்ராப் செய்துவிடலாம். அட்டை வாங்கும் வரை ஏ4 தாள் போதும். ஆனால் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கிற பொருள் பகல் வெளிச்சத்தில் லேசாக நீலம் காட்டும், அதை வெள்ளை என்று ஆப் நம்பினால் படம் ஒரு துளி மஞ்சள் பக்கம் சாயும். அதைக் கையால் சரிசெய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, பட்டுக்காரர்களுக்குக் கிடையாது. சுங்குடிப் புள்ளி. முடிச்சு இறுகிய இடத்தில் சாயம் ஏறாமல் நிற்கிற வெள்ளை அது. படத்தை விரலால் நன்றாகப் பெரிதாக்கி ஒரு புள்ளியைப் பாருங்கள். புள்ளி மஞ்சளாக இருந்தால் முழுச் சேலையும் மஞ்சள் பக்கம் போயிருக்கிறது; நீலம் என்றால் நீலப் பக்கம். ஆனால் ஐ டிராப்பரை நேரே புள்ளி மேல் வைக்காதீர்கள். முடிச்சுக்குள் கசிந்த சாயம் புள்ளியின் ஓரத்திலும் சில நேரம் நடுவிலும் இருக்கும். ஆப் அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு மொத்த நிறத்தையும் திருப்பிப் போட்டுவிடும். புள்ளி உங்கள் கண்ணுக்குச் சோதனை, அவ்வளவுதான்.

அடுத்தது டியூன் இமேஜ். விரலை மேலும் கீழும் நகர்த்தினால் எதை மாற்றுவது என்ற பட்டியல் வரும், பக்கவாட்டில் நகர்த்தினால் அளவு மாறும். மடிப்புக்குள் இருக்கிற புள்ளி தெரியவில்லை என்றால் ஷேடோஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஜரிகையோ வெள்ளை பார்டரோ கண்ணைப் பறித்தால் ஹைலைட்ஸை இறக்குங்கள். சாச்சுரேஷனைத் தொடவே தொடாதீர்கள். வைட் பேலன்ஸும் வெளிச்சமும் சரியாக இருந்தால் அதற்கு வேலையே இல்லை. இந்தத் தொழிலில் பாதிச் சண்டைக்குக் காரணம் அந்த ஒரு ஸ்லைடர்தான் என்பது என் கட்சி.

டீடெய்ல்ஸில் ஸ்ட்ரக்சர் என்று ஒன்று இருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், இழை இழையாகத் தெரியும். ஏற்றிவிட்டால் உங்கள் 80 கவுண்ட் சேலை 40 கவுண்டாகிவிடும். மெல்லிசு என்று காசு வாங்குகிற சேலையை முரடாகக் காட்டுவானேன்?

தொங்குகிற சேலை மேலே குறுகிக் கீழே அகன்று தெரிந்தால் பெர்ஸ்பெக்டிவில் பார்டரை நிமிர்த்திக்கொள்ளுங்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

ஒரே வெளிச்சத்தில் வரிசையாக எடுத்திருந்தால் ஒரு படத்தைத் திருத்தினால் போதும். அடுத்த படத்தைத் திறந்து லுக்ஸில் லாஸ்ட் எடிட்ஸ் என்பதைத் தொட்டால் அதே திருத்தம் இதற்கும் வந்துவிடும். ஆப்பின் பதிப்பைப் பொறுத்துப் பட்டன் இடம் மாறியிருக்கலாம், தேடிப் பாருங்கள்.

எடிட் செய்யும்போது அந்தச் சேலை உங்கள் மடியில் இருக்கட்டும், பகல் வெளிச்சத்தில். ராத்திரி எல்லா வேலையும் முடித்துவிட்டுப் படுக்கையில் எடிட் செய்யாதீர்கள். அந்த நேரத்துக்குப் போனில் கண் பாதுகாப்பு மோட் தானாக ஆன் ஆகித் திரையே மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளைப் பார்த்து நீங்கள் நீலம் ஏற்றுவீர்கள்.

போட்டோஷாப் 1990-இல் வந்தது, நல்ல சாமான்தான். உங்கள் வேலைக்கு வேண்டாம். பின்னாளில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால் கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம், பார்த்துக்கொள்ளலாம்.

அடையாறு_கஸ்டமர்:

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எவ்வளவு சரியாக எடிட் செய்தாலும் என் போன் திரை விவிட் மோடில் இருந்தால் எனக்கு எல்லாமே ஒரு சுற்று கூடுதலாகத்தான் தெரியும். அதனால் நிறத்தின் பெயரையும் கீழே எழுதுங்கள். "மெரூன்" என்று மட்டும் போட்டால் பத்துப் பேர் பத்து விதமாக நினைத்துக்கொள்வார்கள். "அரக்கு, பிரவுன் பக்கம் சாய்ந்தது, வெயிலில் கொஞ்சம் சிவப்பு தெரியும்" என்று போட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். எம்.எஸ். ப்ளூ (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வழங்குகிற நீலம்) என்று சொன்னால் எங்கள் வயதுக்காரர்களுக்குப் படமே வேண்டாம்.

அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி என்பதைத் தொட்டு அனுப்புங்கள். 2023-இல் அந்த வசதி வந்தது, இன்னும் பாதிப் பேர் தொடுவதில்லை. சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், சின்னப் புள்ளி எல்லாம் கரைந்துபோகும்.

நூல்சேலை:

ஐயா, மிக்க நன்றி. திண்ணையில் வேட்டி கட்டி எடுத்துப் பார்த்தேன். தெருவில் போகிற எல்லோரும் என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள், அது வேறு கதை. வெள்ளைச் சேலை வெள்ளையாகவே வந்துவிட்டது. அரக்கும் அரக்காகவே நிற்கிறது. புள்ளியைப் பெரிதாக்கிப் பார்க்கிற வழி மாமியாருக்கும் பிடித்துப்போய், இப்போது என் படத்தில் அவர்தான் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

இரண்டு சேலை மட்டும் மசியவில்லை. ஒன்று ராணி பிங்க். புள்ளி தெரிகிறது, ஆனால் துணியின் மடிப்பு, நெசவு எதுவுமே தெரியாமல் ஒரே பிங்க் பட்டையாக இருக்கிறது. ஷேடோஸ், ஹைலைட்ஸ் எதை இழுத்தாலும் அப்படியேதான். இன்னொன்று மயில்கழுத்து. நேரில் நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கிறது, படத்தில் ஏதோ ஒரு நீலம்.

அப்புறம் எனக்குச் சேலை கொடுக்கிற ஒருவர் அவரே போட்டோ எடுத்து ஃபார்வர்ட் செய்கிறார். அதைத் திருத்தினால் கட்டம் கட்டமாக உடைகிறது.

இருட்டறை:

ராணி பிங்க் எல்லோரையும் பாடாய்ப் படுத்துகிற நிறம், கவலைப்படாதீர்கள்.

படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை நிறையும். ராணி பிங்கில் பச்சையும் நீலமும் அரைகுறையாக இருக்கும்போதே சிவப்புக் குடம் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் 255-தான். மடிப்பின் மேடும் 255, பள்ளமும் 255. மேடு பள்ளம் காட்டிய வித்தியாசம் அங்கேயே வழிந்து போய்விட்டது. போனதை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது.

போன் இதைக் கண்டுகொள்ளாது. மொத்த வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்குமே தவிர ஒரு நிறம் மட்டும் வழிவதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. ஸ்னாப்சீட்டில் கர்வ்ஸைத் திறந்து சிவப்புச் சேனலை மட்டும் பாருங்கள். பின்னால் மலை மாதிரி ஒரு படம் தெரியும், அதுதான் ஹிஸ்டோகிராம். மலை வலது ஓரத்தில் போய் முட்டிச் செங்குத்தாக நின்றால் குடம் வழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

வைத்தியம் எடுக்கும்போதுதான். சூரியன் கோட்டைக் கீழே இழுத்து, படம் இருட்டாக இருக்கிறதே என்று மனசு சொல்கிற அளவுக்குக் குறைத்து எடுங்கள். ஆப்பில் ஷேடோஸையும் ப்ரைட்னஸையும் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம். கர்வ்ஸில் மலை ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். பாண்டி சொன்ன சாச்சுரேஷன் 30 என்ன செய்யும் என்று இப்போது புரியும். நிறைகிற நிலையில் இருக்கிற குடத்தை ஒரேயடியாக வழிய வைக்கும்.

உங்கள் போன் ப்ரோ மோடில் ரா (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கிற ஃபைல்) எடுக்கும் என்றால் பிங்கையும் சிவப்பையும் மட்டும் அதில் எடுத்துப் பாருங்கள். ஃபைல் பெயர் டிஎன்ஜி என்று முடியும். வழக்கமான ஜேபெக் படம் ஒரு நிறத்துக்கு 256 படிதான் வைத்திருக்கும், ராவில் அதைவிட நிறையப் படிகள், ஸ்னாப்சீட்டே அதைத் திறக்கும். எல்லாச் சேலைக்கும் வேண்டாம், போனில் இடம் போதாது.

மயில்கழுத்து விஷயம் வேறு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கிற கோணத்தைப் பொறுத்து ஒன்று மேலே வரும், ஒன்று அடங்கும். போட்டோ ஒரே கோணத்தில் நிற்கிறது, அதனால் ஏதாவது ஒரு நிறம்தான் கிடைக்கும். இதை எடிட்டிங்கில் வரவழைக்க முயன்றால் பொய்தான் வரும். நேராக ஒன்று, பக்கவாட்டில் சாய்த்து ஒன்று என்று இரண்டு படம் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் முந்தியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பி ஒரு குட்டி வீடியோ. மயில்கழுத்துக்கு வீடியோதான் லாயக்கு.

கலர்_கணக்கு:

இருட்டறை ஐயா சொன்னதோடு ஒரு சின்ன ஒட்டு. நீலப் பச்சை நிறங்களில் சிலவற்றைத் திரையால் காட்டவே முடியாது. பெரும்பாலான படங்களும் திரைகளும் பின்பற்றுகிற எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகோலை 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கின. அன்றைய டப்பா மானிட்டர் எவ்வளவு நிறம் காட்டுமோ அதுதான் அதன் எல்லை. நல்ல அடர்த்தியான மயில் நிறச் சாயம் அந்த எல்லைக்கு வெளியே விழுந்தால் ஆப் அதைப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒரு நீலத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடும். அதனால் அந்தச் சேலைக்கு அடையாறு அக்கா சொன்னபடி எழுத்தில் விளக்கம் கட்டாயம்.

பிக்சல்பாண்டி:

சரி அண்ணே, சாச்சுரேஷனை விட்டுர்றேன். ஏஐயில் பின்னணியை மட்டும் மாத்தினா என்ன தப்பு? சேலையைத் தொட மாட்டோம்ல?

இருட்டறை:

பின்னணியை வெட்டி எடுக்கிறது பரவாயில்லை தம்பி, முந்தி குஞ்சத்தை வெட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். நீ முதலில் சொன்னாயே, மாடல் கட்டின மாதிரி, அதுதான் ஆகாது. அது சேலையை அப்படியே எடுத்துக் கட்டிவிடுவதில்லை, பார்த்துப் புதிதாக வரைகிறது. புள்ளி எங்கே இருந்தது, வரிசை எப்படிப் போனது என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை, தோன்றின இடத்தில் வைக்கும். கையால் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்ட சேலை, 2005-இல் மதுரைச் சுங்குடி என்று புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதன் மேல் இல்லாத புள்ளியை வரைந்து விற்றால் அந்த அம்மாவின் மாமியார் சொன்னதுதான் சரி.

நூல்சேலை அம்மா, ஃபார்வர்ட் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. வாட்ஸ்அப்பில் வருகிற படம் ஏற்கெனவே சுருங்கித்தான் வருகிறது. ஜேபெக்கைத் திருத்திச் சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். நீங்கள் பார்க்கிற கட்டம் அதுதான். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் அசல் ஃபைல் குறையாமல் வரும். அசலைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு எப்போதும் அதிலிருந்தே எடிட்டைத் தொடங்குங்கள், எடிட் செய்ததன் மேலேயே மறுபடி எடிட் செய்ய வேண்டாம். அவர் எந்த லைட்டில் எடுக்கிறார் என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ட்யூப்லைட்டில் எடுக்கிறவராக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். அந்தக் கோட்டை அழிக்க நானே உட்கார்ந்தாலும் அரைநாள் ஆகும், சேலையை வரவழைத்து நீங்களே எடுப்பது சுலபம்.

நூல்சேலை:

டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிவிட்டேன் ஐயா. "அதெப்படி அனுப்புறது?" என்று கேட்டு எனக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். ராணி பிங்கைக் குறைத்து எடுத்ததில் மடிப்பு தெரிகிறது, கர்வ்ஸில் மலையும் ஓரத்தை முட்டவில்லை. நாளைக் காலையில் மயில்கழுத்து வீடியோ எடுக்கிறேன்.